வயிற்றின் முறையீடும் அப்பளத்தின் வேதாந்தமும்

நகைச்சுவை என்றதும் தமிழர் நினைவில் முதலில் எழுபவை மேடையும் திரையும் வார இதழ்த் துணுக்குகளுமே. ஆனால் ஒருவர் தம் வீட்டு அடுப்படியிலோ தெருமுனையிலோ யாரும் சிரிக்க வைக்காமலே தாமாகக் கண்டு மகிழும் சின்னஞ்சிறு வேடிக்கைகளும், காரணமின்றித் தலைக்குள் நுழைந்து புன்னகையை வரவழைத்துவிட்டுப் போகும் கோணல் எண்ணங்களும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலையை மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டாக வகுக்கும் தொல்காப்பியம், அவ்வெட்டில் நகையையே முதலில் வைக்கிறது. அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்றும் அது கூறுகிறது. எள்ளல் என்பது இகழ்ச்சி, இளமை என்பது சிறுபிள்ளைத்தனம், பேதைமை என்பது அறியாமை, மடன் என்பது ஒருவர் சொன்னதை ஆராயாமல் ஏற்று அதையே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

இந்நான்கும் மனிதர்களுடைய ஏதேனும் ஒரு குறையைச் சுட்டியே நிற்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். உரலில் இடிபடும் உளுந்தைப் பார்த்தோ, விருந்து உண்டு வீங்கிய தன் வயிற்றை நினைத்தோ ஒருவர் புன்னகை செய்தால் அதை எந்த வகையில் அடக்குவது என்பதற்கு இலக்கண நூலில் எளிதான விடை இல்லை. இளமைக்கு அது ஓரளவு நெருங்கி வருகிறது என்று வேண்டுமானால் கொள்ளலாம். இத்தகைய நகையை விளங்கிக்கொள்ள ஏற்ற ஊர் எது என்று கேட்டால், ஞானத்துக்கும் மௌனத்துக்கும் பேர்போன திருவண்ணாமலையைச் சொல்வது முதலில் பொருத்தமற்றதாகவே தோன்றும்.

திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், மதுரையில் பள்ளிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு 1896 செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழைந்தவர், 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அம்மலையின் எல்லையை விட்டு வெளியேறவே இல்லை. ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவரைப் பற்றி 1934இல் எழுத்தாளர் பால் பிரண்டன் எழுதிய நூலும், 1938இல் ஆசிரமத்துக்கு வந்து சென்ற ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் எழுதியவையும், பேச்சற்ற பார்வையும் அசைவற்ற இருப்புமாக ஒரு முனிவரின் சித்திரத்தையே மேலை நாட்டு வாசகர்களிடம் பதித்தன. அந்தச் சித்திரம் பொய்யில்லை. அதே வேளையில் அது பாதி மட்டுமே. உடனிருந்து பழகியவர்களான குஞ்சு சுவாமி தமிழிலும், சூரி நாகம்மா தெலுங்கிலும், தேவராஜ முதலியார் ஆங்கிலத்திலும் விட்டுச்சென்ற குறிப்புகளைப் புரட்டினால், அதிகாலையிலேயே சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்குபவரும், அணில்களுக்குக் கடலை கொடுப்பவரும், பழைய கதையைச் சொல்லும்போது அதில் வரும் ஆட்களாகவே மாறி நடித்துக் காட்டுபவருமான இன்னொருவர் தென்படுகிறார்.

மலைமேல் விருபாக்ஷ குகையில் அவர் வாழ்ந்த காலத்தில் தாயார் அழகம்மாள் உடன் வந்து தங்கியிருந்தார். அவர் ஒருநாள் அப்பளம் இட முற்பட்டு மகனையும் கைகொடுக்க அழைக்க, மகன் மாவைத் தொடாமல் ஒரு பாட்டைக் கட்டிக் கொடுத்தார் என்பது ரமண வரலாற்றில் அனைவரும் அறிந்த செய்தி. அப்பளப் பாட்டு என்று வழங்கும் அப்பாடலின் சுவை, அதில் சொல்லப்பட்ட வேதாந்தத்தில் இருப்பதைவிட, அப்பளம் இடுவதில் உள்ள ஒரு வேலையைக்கூடத் தவற விடாமல் அது பின்தொடர்ந்து செல்வதிலேயே இருக்கிறது. ஐங்கோசம் எனப்படும் உடல், உயிர்மூச்சு, மனம், அறிவு, ஆனந்தம் ஆகிய ஐந்து உறைகளாகிய வயலில் விளைந்த 'நான்' என்னும் செருக்கே உளுந்து. 'நான் யார்' என்னும் விசாரணையே அதை உடைக்கும் திருகை. நல்லோர் சேர்க்கை பிரண்டைச் சாறாகிறது; மனத்தையும் புலன்களையும் அடக்குதல் மிளகும் சீரகமும் ஆகிறது; உலகப் பற்றிலிருந்து விலகி நிற்கும் உபரதி உப்பாகவும், உள்ளத்தில் படிந்த நல்ல வாசனை பெருங்காயமாகவும் சேர்கின்றன. பிறகு இடிக்க உலக்கை, பரத்தக் குழவி, வைத்து இடப் பலகை, பொரிக்க நெய் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆன்மிகப் பொருள் கிடைத்துவிடுகிறது.

உருவகம் என்பது ஒரு பொருளின் மேல் இன்னொன்றை ஏற்றிக் கூறும் அணி. பொதுவாகப் புலவர்கள் இரண்டு மூன்று ஒப்புமைகளோடு அதை நிறுத்திக்கொள்வது வழக்கம். இங்கோ பெருங்காயம் வரை அது விடாப்பிடியாக இழுக்கப்படுவதால், கேட்பவர் ஒரு கட்டத்தில் தத்துவத்தை மறந்து, அடுத்து உப்புக்கு என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார். பிரண்டையை விட்டுவிட்டால் அப்பளம் சரியாகப் பொரியாது என்பது அடுப்படி அறிந்த எவருக்கும் தெரியும். அதைப் பாட்டிலும் விட்டுவிடாததில் ஒரு சமையற்காரரின் கண்டிப்பு தெரிகிறது. அம்மாவின் வேலையைத் தட்டிக் கழித்ததற்கு இதைவிட நயமான சமாதானம் தமிழில் இன்னொன்று இருக்குமா என்பது ஐயமே.

இதே வகையில் எழுந்த இன்னொரு சிறு பாடல் வயிற்றைப் பற்றியது. ஒருநாள் உணவை விடு என்றால் விடாததும், இரண்டு நாளுக்குச் சேர்த்து ஏற்றுக்கொள் என்றால் ஏற்காததுமான வயிற்றோடு வாழ்வதே அரிது என்று ஔவையார் தம் நல்வழியில் குறைப்பட்டுக்கொண்டதைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக மனப்பாடம் செய்து வந்துள்ளனர். சித்திரை மாதத்துத் திருநாள் ஒன்றில் ஆசிரமத்தில் அனைவரும் வயிறு புடைக்க உண்டுவிட்டுத் தவித்தபோது யாரோ அந்தப் பாடலை நினைவூட்ட, ரமணர் அதே வெண்பா யாப்பில், ஏறக்குறைய அதே சொற்களைத் திருப்பிப் போட்டு, வயிறு உயிரைப் பார்த்து முறையிடுவதாக ஒன்றைப் பாடினார். ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிட நேரம்கூடத் தனக்கு ஓய்வு தராமல் ஒவ்வொரு நாளும் தின்றுகொண்டே இருக்கும் உயிரோடு வாழ்வதே அரிது என்பதே வயிற்றின் வழக்கு. நூற்றாண்டுகளாகக் குற்றம் சாட்டப்பட்டு வந்த ஒரு தரப்புக்கு அன்றுதான் வாய்தா கிடைத்தது என்று கூடச் சொல்லலாம். விருந்து முடிந்து வெற்றிலை போடும் வேளையில் எவருக்கும் வந்து போகக்கூடிய அற்ப எண்ணம்தான் அது. வந்ததை விரட்டாமல் உட்கார வைத்து அதன் பேச்சைக் கேட்டதே அங்கு நடந்த வித்தை. கடுமையான தத்துவ நூலாகிய உள்ளது நாற்பது இடம்பெற்ற அதே ரமண நூற்றிரட்டில் அப்பளத்துக்கும் வயிற்றுக்கும் இடம் கொடுத்துப் பதிப்பித்தவர்களும் பாராட்டுக்குரியவர்கள்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியான நூலில், ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தது சட்டென ஒன்றுமில்லாமல் ஆகும்போது சிரிப்பு எழுகிறது என்றார். வயிற்றுப் பாடலில் நேர்வது ஏறக்குறைய இதற்கு எதிரானது. ஒன்றுமில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்று, எதிர்பாராத நேரத்தில் வாயைத் திறந்து, நியாயமாகவே பேசத் தொடங்கிவிடுகிறது. ஈயும் தத்துக்கிளியும் கூடத் தம் பக்கத்து நியாயத்தோடு நடமாடும் ஜப்பானியக் கவிஞர் இஸ்ஸாவின் குறுங்கவிதைகளிலும் இந்தப் பார்வை மாற்றமே வேலை செய்கிறது. பொருளின் பக்கம் போய் நின்று அங்கிருந்து மனிதரைத் திரும்பிப் பார்ப்பது என்று இதைச் சுருக்கமாக விளக்கலாம்.

அவ்வாறு போய் நிற்பது ரமணருக்குப் பாட்டில் மட்டும் வாய்த்த திறன் இல்லை என்பதற்கு மலைக் குரங்குகளே சாட்சி. கூட்டத்துத் தலைவனால் கடிபட்டுக் கைவிடப்பட்ட ஒரு குட்டிக் குரங்கை அவர் எடுத்து ஆற்றி வளர்க்க, கால் ஊனமானதால் நொண்டி என்று பெயர் பெற்ற அது, அவர் மடியிலேயே இடம் பிடித்துக்கொண்டது. ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் தின்னும் ஒழுங்கு அதற்கு உண்டு. ஒருமுறை அது சிறிது சோற்றைச் சிந்திவிட, ஏன் வீணாக்குகிறாய் என்று அவர் கடிந்ததும், நொண்டி அவருடைய கண்ணருகே ஓர் அறை விட்டது. மகரிஷி தந்த தண்டனை, சில நாள் மடியில் ஏற அனுமதி மறுப்பு. குரங்கும் குழைந்து கெஞ்சி மன்னிப்புப் பெற்று, இழந்த இருக்கையை மீட்டுக்கொண்டது. பின்னாளில் அந்த நொண்டியே தன் கூட்டத்துக்கு அரசனாகவும் ஆயிற்று. இந்நிகழ்ச்சிகளை அவர் பிற்காலத்தில் அன்பர்களுக்குச் சொல்லும்போது, குரங்குகளை மனிதரைப் போல் நடந்துகொள்ளும் விலங்குகளாக அல்லாமல், தமக்கென்று அரசும் வழக்கும் உடன்படிக்கையும் உள்ள அண்டை வீட்டாராகவே விவரித்திருக்கிறார். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்ததும் அந்த நேர்மையான தொனியினால்தான்.

வேடிக்கையைக் காணும் இந்தக் கண் வசதியான நேரங்களில் மட்டும் திறந்திருந்தால் அதைப் பொழுதுபோக்கு என்று கடந்துவிடலாம். தாயார் 1922இல் மறைந்த பின் அவரது சமாதியை ஒட்டி மலையடிவாரத்தில் எழுந்த கூரைக் கொட்டகைக்கு 1924 ஜூன் 26 இரவு திருடர்கள் வந்தனர். எடுத்துப் போக அங்கு எதுவும் இல்லை என்றும், வேண்டுமானால் உள்ளே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் ரமணர் சொல்லியும், அவர்கள் உள்ளிருந்தவர்களைத் தடியால் அடித்தனர். அவருடைய இடத் தொடையிலும் ஓர் அடி விழுந்தது. இன்னும் திருப்தி இல்லையென்றால் மறு காலிலும் அடிக்கலாம் என்றவர், மருந்து கொண்டு வந்த அன்பர்களிடம் தமக்கும் பூசை கிடைத்தது என்று சொன்னார். வழிபாட்டையும் அடி உதையையும் ஒரே சொல்லால் குறிக்கும் பேச்சு வழக்கு தமிழில் முன்பே உண்டு. நாள்தோறும் பூசை நடக்கும் ஓர் இடத்தில், தொடை வீங்கியிருக்கும்போது, அச்சொல் உரியவரின் வாயிலிருந்தே வந்தது என்பதுதான் புதுமை.

திருவண்ணாமலைத் தெருக்களில் இதே காலத்தில் நடமாடிய சேஷாத்திரி சுவாமிகளின் (1870–1929) போக்கு வேறு விதமானது. அவர் கடைக்குள் நுழைந்து சரக்குகளை அள்ளி வீசினால் அன்று வியாபாரம் கொழிக்கும் என்று நம்பிய வணிகர்கள், அவர் தம் கடைக்கு வரமாட்டாரா என்று ஏங்கிக் காத்திருந்தார்கள். சரக்கு சேதமாவதைக் கொண்டாடிய கடைத்தெரு வேறெங்கும் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. ஒருநாள் அவர் ஓர் எருமையை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட ஒருவர் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்க, இது என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார். எருமை என்று விடை வந்ததும், அதுவா எருமை, நீதான் எருமை, அதைப் பிரம்மம் என்று சொல் என்று ஒரு போடு போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அத்வைதம், அதாவது காண்பதனைத்தும் இரண்டற்ற ஒன்றே என்னும் கொள்கை, தடித்த உரைநூல்களின் வழி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்ததோ, எருமையின் வழி ஊருக்கே போய்ச் சேர்ந்தது. ஆயினும் ரமணரின் நகையில் திட்டு வாங்குபவர் எவரும் இல்லை என்பதால், இரண்டில் அதுவே அரியது என்று கருத இடமுண்டு.

தெய்வத்தையே உரிமையோடு சீண்டும் மரபு தமிழுக்குப் பழையது. இகழ்வது போல் புகழும் அவ்வகைப் பாடலை நிந்தாஸ்துதி என்பர். காளமேகப் புலவர் அதில் கைதேர்ந்தவர். அன்பர்கள் ஊருக்குள் பிச்சைக்குச் செல்லும்போது பாடுவதற்காக விருபாக்ஷ குகையில் ரமணர் இயற்றிய அக்ஷரமணமாலையின் 108 கண்ணிகளிலும், ஏமாற்றிவிட்டுப் போனவரிடம் நியாயம் கேட்பது போன்ற உரிமைப் பேச்சு அண்ணாமலையாராகிய அருணாசலத்தை நோக்கி ஆங்காங்கே எழுகிறது. சோறு வாங்கப் போகும் பாத்திரமும், இறைவனோடு இடும் செல்லச் சண்டையும் ஒரே வாசலில் நின்ற காட்சியை அக்காலத்துத் திருவண்ணாமலைப் பெண்கள் பலர் அன்றாடம் கண்டிருப்பர்.

மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில், குபேர லிங்கத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் உள்ள இடுக்குப் பிள்ளையார் கோயில் இன்றைக்கும் இந்த வகை நகைக்குக் குறைவில்லாத இடம். இடைக்காட்டுச் சித்தரோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் அச்சிறு கோயிலில், ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக வெளியே வர வேண்டுமானால் தரையில் படுத்து, தோளை ஒடுக்கி, ஊர்ந்துதான் வர வேண்டும். நோய் தீரும், பிறவித் துன்பம் நீங்கும் என்ற நம்பிக்கையோடு பௌர்ணமி நாள்களில் அங்கு வரிசை நீள்கிறது. அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழாதவரும், பேரன் பேத்தி எடுத்தவரும் தவழும் குழந்தையாகி வெளியே தலை நீட்டும்போது, வந்தவர் முகத்திலும் நிற்பவர் முகத்திலும் ஒரே சிரிப்புதான் இருக்கிறது. ஔவையார் குறைகூறியதும் ரமணர் பரிந்து பேசியதுமான அதே வயிறு பலருக்கு அவ்விடத்தில் தடையாக வந்து நிற்பதுண்டு. நடுவில் சிக்கிக்கொண்டு மூச்சு வாங்குபவருக்கு, முன்னே போனவர்கள் வெளியிலிருந்து யோசனை சொல்கிறார்கள்: "ஒருக்களிச்சு வாங்கண்ணா, முதல்ல கையை நீட்டுங்க, அவசரமே இல்ல."