எரிந்தால் எளிதில் மீளாத புதர்க்காடு

அமெரிக்காவின் வயோமிங், நெவாடா, ஐடஹோ மாநிலங்கள் வழியாகக் காரில் போகிறவர்கள் பலர், “வெறும் பொட்டல்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். மணிக்கணக்காக அதே சாம்பல் பூத்த பச்சை, அதே இடுப்புயரப் புதர். சேஜ்பிரஷ் என்பது அதன் பெயர். நம் பூக்கடைகளில் மணக்கும் மரிக்கொழுந்துக்கு அது சொந்தம். இரண்டும் ஆர்ட்டிமீசியா என்ற ஒரே பேரினம். அந்தப் பொட்டலை நம்பி 350க்கும் மேற்பட்ட உயிரினங்கள் வாழ்கின்றன.

சேஜ்பிரஷ்ஷின் வேர் ஆழமாக இறங்கி, அடிமண்ணின் ஈரத்தை இரவில் மேல்மண்ணுக்கு ஏற்றிவிடும். பக்கத்துப் புல் பூண்டுகளும் அந்த ஈரத்தில் பிழைத்துக்கொள்கின்றன. குளிர்காலத்திலும் அது இலையை முழுதாக உதிர்ப்பதில்லை. மற்றதெல்லாம் பனிக்கடியில் புதைந்து கிடக்கும் மாதங்களில் தின்னக் கிடைப்பது அந்த இலைதான். அரைக் கிலோகூடத் தேறாத பிக்மி முயல் குளிர்காலம் முழுக்கப் பெரும்பாலும் அதைத் தின்றே உயிர் வாழ்கிறது.

எல்லாவற்றிலும் பரிதாபமான நிலை சேஜ் குரோஸ் பறவைக்கு. வசந்தகால விடியற்காலையில் ஆண் பறவைகள் ஒரு திறந்த வெளியில் வந்து கூடும். வால் இறகுகளை முள்முள்ளாக விரித்து, வெள்ளை மார்பைப் புடைத்து, அதில் இரண்டு மஞ்சள் காற்றுப்பைகளை ஊதி ‘ப்ளப், ப்ளப்’ என்று சத்தமெழுப்பி ஆடும். பெட்டைகள் சுற்றிவந்து பார்த்துத் துணையைத் தேர்ந்துகொண்டு, ஏதாவது ஒரு புதரடியில் முட்டையிடும். ஆண்டுதோறும் ஆட்டம் அதே மைதானத்தில்தான். குளிர்காலம் வந்தால் இதற்கு சேஜ்பிரஷ் இலையைத் தவிர வேறு ஆகாரம் இல்லை. கோழிக்கு இருப்பதுபோல் தானியத்தை அரைக்கும் வலுவான இரைப்பை இதற்குக் கிடையாது. எனவே புதர் போனால் பறவையும் போகும். 1960களின் நடுவிலிருந்து இதன் எண்ணிக்கை ஏறக்குறைய 80 சதவீதம் சரிந்துவிட்டது என்கிறது அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்.

எண்ணெய்க் கிணறுகள், சாலைகள், உழவு எல்லாம் இந்த நிலத்தைத் துண்டாடியது உண்மைதான். ஆனால் நெவாடா, ஐடஹோ பக்கம் பெரிய எதிரி ஒரு புல். சீட்கிராஸ் எனப்படும் இது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, ஆசியப் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தது. மற்ற புற்களுக்கு முன்பே முளைத்து, கோடை தொடங்கும்போதே காய்ந்து சருகாகி, புதருக்கும் புதருக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறது. முன்பு ஒரு புதர் எரிந்தால் தீ அந்த வெற்றிடத்தில் அடங்கிப்போகும். இப்போது சருகு வழியே ஓடுகிறது. பெரிய சேஜ்பிரஷ் எரிந்த பின் அடியிலிருந்து துளிர்க்காது; விதையிலிருந்துதான் வரவேண்டும், அந்த விதையும் மண்ணில் நெடுநாள் தாங்காது. சீட்கிராஸோ அடுத்த பருவத்திலேயே தழைத்து அடுத்த தீக்குத் தயாராகிவிடுகிறது. 2001 முதல் 2020 வரை நல்ல நிலையில் இருந்த புதர்க்காடு ஆண்டுக்குச் சராசரியாக 13 லட்சம் ஏக்கர் சீரழிந்தது. 2018இல் நெவாடாவின் மார்ட்டின் தீ ஒன்றே நாலு லட்சம் ஏக்கருக்கு மேல் கருக்கியது.

நம்பிக்கை தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஓரிகான், ஐடஹோ, நெவாடா சிறைகளில் கைதிகள் சேஜ்பிரஷ் நாற்று வளர்க்கிறார்கள். அவை எரிந்த நிலங்களில் நடப்படுகின்றன. கொலராடோவின் கன்னிசன் பகுதியில் பில் ஸீடிக் என்ற மனிதர் வகுத்துக்கொடுத்த முறையில், ஓடைகளில் முழங்காலுக்கும் தாழ்வாகக் கற்களைக் கையால் அடுக்குகிறார்கள். ஓடும் நீர் தயங்கி மண்ணில் ஊறுகிறது, ஓரம் பசுமையாகிறது, அங்கே சேரும் பூச்சிகள் சேஜ் குரோஸ் குஞ்சுகளுக்கு இரையாகின்றன. தாழப் பறக்கும் பறவைகள் வேலியில் மோதிச் சாகாமலிருக்கக் கம்பியில் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகளை மாட்டுகிறார்கள். பிராங்ஹார்ன் மான்கள் வேலியைத் தாண்டாமல் அடியில் நுழைந்தே போகும். அவற்றுக்காகக் கீழ்க்கம்பியை முள்ளில்லாததாக மாற்றி உயர்த்திக் கட்டுகிறார்கள். இதில் பாதி வேலை மாட்டுப்பண்ணைக்காரர்கள் இறங்கினால்தான் நடக்கும். 2010இல் அரசின் வேளாண் துறை தொடங்கிய சேஜ் குரோஸ் திட்டம் அவர்களை எதிரியாக்காமல், செலவில் பங்கு கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. என்னைக் கேட்டால், இத்தனை ஆண்டுகளில் எடுத்த புத்திசாலித்தனமான முடிவு அதுதான்.

கெட்டுப்போன இடத்தில் பணத்தைக் கொட்டுவதைவிட, இன்னும் நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் காப்பது, பிறகு அங்கிருந்து வெளியே விரிவது என்பது இப்போதைய அணுகுமுறை. சரியான வழி. ஆனால் மிஞ்சியிருக்கும் சேஜ் குரோஸ் வாழிடத்தில் ஏறக்குறைய பாதி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை வசம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் இந்தப் பறவையை அழிநிலைப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை என்று அரசு முடிவெடுத்தபோது, இந்த அரசு நிலங்களுக்கான புதிய திட்டங்கள் அதைக் காக்கும் என்பதையே முக்கியக் காரணமாகச் சொன்னது. 2019இல் அந்தத் திட்டங்களையே தளர்த்தியது. அதே ஆண்டு நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. எரிந்த சேஜ்பிரஷ் காடு பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆட்சி மாறும்போதெல்லாம் மாறும் திட்டம் அதற்குப் போதாது. எந்தக் கட்சி வந்தாலும் தொட முடியாத பாதுகாப்பை, மிஞ்சியிருக்கும் நல்ல நிலத்துக்காவது சட்டமாகவே தரவேண்டும்.