குளியலறைப் பொருள்கள்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

புது வீட்டுக் குளியலறைக்குப் பொருள் வாங்கப் போகும் குடும்பம் பெரும்பாலும் நிறத்திலிருந்துதான் தொடங்குகிறது. டைல்ஸ் எந்த நிறம், குழாய் பளபளப்பா கறுப்பா, பேசின் வட்டமா சதுரமா என்று பேசி முடித்த பிறகே பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். உங்கள் தொட்டிக்கு வரும் தண்ணீர் எப்படிப்பட்டது, அது எவ்வளவு அழுத்தத்தோடு இறங்குகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர்?

இரண்டு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. அய்யனார் கோவில் பக்கத்து மலை ஓடைகளிலிருந்து ராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வருவதும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் ஓடுவதும் மழைநீர். மண்ணோடும் பாறையோடும் அதிகம் ஊறாதது. போர் தண்ணீர் அப்படியில்லை. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. நகராட்சித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, குளிக்கவும் கழுவவும் போரை ஓட்டுவதுதான் பல வீடுகளின் வழக்கம். ஆகவே குளியலறைக் குழாய்களுக்குள் ஓடப்போவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான்.

அதன் கடினத்தன்மை தெருவுக்குத் தெரு, ஆழத்துக்கு ஆழம் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி மாதிரியைக் கொடுக்கலாம். முடிவில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவு என்கிறது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. இது குடிப்பதற்கான வரையறை. குழாய்க்கும் ஹீட்டருக்கும் 200-ஐத் தாண்டினாலே படிவுத் தொல்லை தொடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சோதனைக்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் ஒட்டுகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று பாருங்கள்.

உப்புப் படிவும் நிறமும்

கடினத் தண்ணீர்த் துளி காய்ந்தால் சுண்ணாம்புப் புள்ளி மிஞ்சும். இதைத் தடுக்க முடியாது. புள்ளி கண்ணுக்குத் தெரியாத நிறத்தையும், துடைக்க எளிதான பரப்பையும் தேர்ந்தெடுக்கத்தான் முடியும்.

இப்போது பரவலாக விற்கும் மேட் கறுப்புக் குழாயில் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் மேல் பூச்சு உரியும். பளபளக்கும் குரோம் குழாயிலும் புள்ளி தெரியும், ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பிரஷ் செய்த ஸ்டீல் அல்லது நிக்கல் பரப்பு புள்ளிகளை ஓரளவு மறைக்கும். எந்தக் குழாயானாலும் குளித்து முடித்ததும் ஒரு துணியால் துடைத்துவிடுவது ஆயுளைக் கூட்டும். படிவு ஏறிவிட்டால் தண்ணீர் கலந்த வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றைத் துணியில் நனைத்துச் சில நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள்.

பேசினும் கமோடும் வெள்ளையாக இருப்பதே நல்லது. வெள்ளைப் பீங்கானில் வெள்ளைப் படிவு எளிதில் தெரியாது; அழுக்கு உடனே தெரியும். சுவர் டைல்ஸில் அடர் நீலம், கறுப்பு போன்ற பளபளப்பான நிறங்களைத் தவிர்த்து, இளம் சாம்பல், மணல் நிறம், லேசான புள்ளி வடிவங்களை எடுங்கள். ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு வேண்டுமென்றால் அதைத் தினமும் துடைக்க ஆள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நான்கடி உயரச் சின்னச் சுவர் போதும்.

மார்பிளைக் குளியலறைக்குள் கொண்டுவராதீர்கள். அது சுண்ணாம்புக் கல்லின் இனம். ஆசிட் பட்டால் மட்டுமல்ல, எலுமிச்சைச் சாறு பட்டாலும் பளபளப்பு அரிக்கப்படும். படிவைப் போக்க வேண்டிய அதே பொருள் கல்லையும் தின்றுவிடும். பேசின் மேடைக்கு கிரானைட் போதும்.

ஷவர் வாங்கும் முன் ஒரு கணக்கு

10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். தரைத்தளம் மட்டுமுள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் 3 அடி மேடைமேல் தொட்டி. அதன் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 14 அடி. ஷவர் 7 அடியில். இடைவெளி 7 அடி, அதாவது 2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கிடைக்கும் அழுத்தம் 0.2 பார்தான்.

கடைகளில் மழைபோலக் கொட்டும் பெரிய ஷவர்கள் பலவற்றுக்கு அரை பாருக்கு மேல், சிலவற்றுக்கு 1 பார் வேண்டும். அதை இந்த வீட்டில் மாட்டினால் தண்ணீர் வடியும், கொட்டாது. அட்டைப்பெட்டியிலோ விவரக் குறிப்பிலோ குறைந்தபட்ச அழுத்தம் என்ன என்று கேட்டு வாங்குங்கள். குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த சின்ன ஷவர், கைஷவர் எடுக்கலாம். அல்லது சிறிய பிரஷர் பம்ப் வைக்கலாம். தொட்டியை உயர்த்தினால் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.1 பார் கூடும். ஷவர் முகத்தில் துளைகள் ரப்பராக இருக்கட்டும்; விரலால் தேய்த்தாலே அடைப்பு உதிர்ந்துவிடும். கமோடுக்கான நேரடி ஃபிளஷ் வால்வும் பெரிய ஷவரைப் போலவே அதிக அழுத்தத்தை எதிர்பார்க்கும். தொட்டியுள்ள ஃபிளஷ்தான் இங்கே பொருத்தம்.

சுவருக்குள் போகும் பொருள்

குழாய் வெளியே எப்படித் தெரிந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம். பித்தளை உடலும் பீங்கான் தகடு கொண்ட கால் திருகு அமைப்பும் உள்ள குழாய் நீண்ட நாள் வரும். தோட்டம், மொட்டை மாடி, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றுக்கு பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாய் நல்லது. விலை குறைவு, துருவும் பிடிக்காது.

சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடினத் தண்ணீரில் அதன் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை இடையிடையே மாற்ற வேண்டிவரும். அந்த உதிரிபாகம் ராஜபாளையத்திலோ விருதுநகரிலோ கிடைக்கிறதா என்பதைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். கிடைக்காது என்றால் சுவருக்கு வெளியே நிற்கும் வால் மிக்சரை மாட்டுங்கள். புதைந்த ஃபிளஷ் தொட்டிக்கும் இதே விதி. பேசின், கமோடு, ஹெல்த் ஃபாசெட் ஒவ்வொன்றுக்கும் தனி ஆங்கிள் வால்வு கட்டாயம். ஒன்று பழுதானால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை.

வெந்நீருக்கு சி.பி.வி.சி., சாதாரணத் தண்ணீருக்கு யு.பி.வி.சி. போதும். பழைய வீட்டை மாற்றிக் கட்டுபவர்கள் ஜி.ஐ. குழாயை விட்டு வைக்காதீர்கள். துருவும் படிவும் சேர்ந்து துவாரம் சுருங்கிப்போயிருக்கும்.

வாட்டர் ஹீட்டர் வாங்கும்போது கண்ணாடிப் பூச்சுள்ள உள்தொட்டி, மெக்னீசியக் கம்பி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கம்பி தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காக்கும்; தேய்ந்ததும் மாற்ற வேண்டும். சூடு ஏற ஏறப் படிவும் கூடும் என்பதால் வெப்பத்தை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஹீட்டரைப் போடக் கூடாது.

ஃபிளஷில் மிச்சமாகும் தண்ணீர்

தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில் ஃபிளஷின் அளவு பெரிய விஷயம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் நாளைக்கு நான்கு முறை சிறுநீருக்கும் ஒரு முறை மலத்துக்கும் ஃபிளஷ் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 10 லிட்டர் ஊற்றும் பழைய தொட்டிக்கு 250 லிட்டர். 3, 6 லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ள தொட்டிக்கு 90 லிட்டர். தினம் 160 லிட்டர் மிச்சம்.

கமோடு வாங்கும் முன் பின்சுவரிலிருந்து கழிவுக்குழாய் மையம் எத்தனை அங்குலம் என்று கொத்தனாரை அளக்கச் சொல்லுங்கள். தரையில் இறங்கும் மாடல்களில் 9, 12 அங்குலம் என்று அளவு வேறுபடும். பூச்சு, டைல்ஸ் கனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தரை: இங்கேதான் காசைச் செலவிடலாம்

வழுக்கி விழுவதுதான் குளியலறையின் பெரிய ஆபத்து. தரை டைல்ஸில் 'ஆர்10' அல்லது அதற்கு மேல் என்ற வழுக்காத் தரக் குறி இருக்கட்டும். குளிக்கும் இடத்துக்கு 12 அங்குலம் அல்லது அதைவிடச் சின்ன டைல்ஸ்தான் நல்லது. பெரிய டைல்ஸில் நாலு பக்கமும் சரிவு கொடுக்க முடியாது. தண்ணீர் நடுவில் தேங்கும். சரிவு 5 அடிக்கு 1 அங்குலம் இருக்கட்டும்.

விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாததால் வெறும் சிமென்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. அதற்கான பசையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இடையே 2, 3 மில்லிமீட்டர் விட்டு எபாக்சி கிரவுட்டால் நிரப்புங்கள். சாதாரண சிமென்ட் கிரவுட் கறையைக் குடிக்கும், ஆசிட்டில் கரையும். எபாக்சிக்கு விலை அதிகம், ஆனால் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டாம்.

டைல்ஸ் போடுவதற்கு முன், நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும் அறையில் தண்ணீரைத் தேக்கி 48 மணி நேரம் வைத்துக் கீழ்க்கூரையும் பக்கச் சுவரும் நனைகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு நாள் பொறுமைக்கு நிகரான காப்பீடு எதுவும் இல்லை. தரையில் போடும் நாணி ட்ராப்பில் 50 மில்லிமீட்டர் நீர் அடைப்பு நின்றால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் ஏறாது.

கரிசல் மண்ணுள்ள மனையில் கட்டுபவர்களுக்கு ஒரு சொல்: அந்த மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கீழ்த்தளக் குளியலறைத் தரைக்கு அடியில் அதே மண்ணைக் கொட்டாமல் சரளை போட்டு நன்றாக இடியுங்கள். இல்லையென்றால் எத்தனை விலையுள்ள டைல்ஸும் ஒரு பக்கம் தாழ்ந்துவிடும்.

வயதானவர்களும் விருந்தினர்களும்

ஆடிப்பூரத் தேருக்கு வரும் சொந்தக்காரர்களில் பாட்டியும் இருப்பார், கைக்குழந்தையும் இருக்கும். கீழ்த்தளக் குளியலறை ஒன்றையாவது அவர்களுக்கென்று நினைத்துக் கட்டுங்கள். கமோடு இருக்கை தரையிலிருந்து 18 அங்குலம். பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி. அதைத் தாங்கச் சுவரில் முன்கூட்டியே வலுவான இடம். வாசல் படி அரை அங்குலத்துக்குமேல் உயராமல். கதவு வெளிப்பக்கம் திறப்பது. இந்தியக் கழிப்பறை பழகியவர்கள் இருந்தால், வீட்டில் இரண்டு கழிப்பறை கட்டும்போது ஒன்றை அப்படியே வையுங்கள். ஜன்னல் குறைந்தது 2 அடிக்கு 2 அடி இருக்கட்டும். ஈரம் காய வெளிக்காற்றும் வெளிச்சமும் வேண்டும்.

எதற்கு முதல் பணம்?

பட்ஜெட் சுருங்கினால் இந்த வரிசையில் செலவிடுங்கள்: முதலில் நீர்த்தடுப்பு, பைப், ட்ராப், சரிவு; அடுத்து வழுக்காத தரை, எபாக்சி கிரவுட்; பிறகு பித்தளைக் குழாய், இரட்டைப் பொத்தான் ஃபிளஷ், பாதுகாப்பான ஹீட்டர்; கடைசியில் சுவர் டைல்ஸின் நிறமும் பேசினின் வடிவமும். கடைசியில் வைத்தவற்றை ஐந்தாண்டு கழித்தும் மாற்றலாம். முதலில் வைத்தவற்றை மாற்ற வேண்டுமென்றால் சுவரையும் தரையையும் உடைக்க வேண்டும். சோதனையில் கடினத்தன்மை மிக அதிகம் என்று தெரிந்தால், விலையுயர்ந்த ஷவரை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் தொட்டிக்கு முன் சாஃப்ட்னர் கருவி வையுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்க்கும் அது ஆயுள் கொடுக்கும்.