குப்பையைப் பிரிப்போம், நலம் காப்போம்

எமது பலெர்மோ நகரின் குப்பைகள் போய்ச் சேரும் இடம் பெல்லோலம்போ. அங்குள்ள குப்பைமேடு 2012 கோடையில் பல நாட்கள் எரிந்தது. 2023 ஜூலைக் காட்டுத்தீயும் அதனை எட்டியது.

பிளாஸ்ரிக் கலந்த குப்பை எரியும்போது டயொக்சின் என்னும் நச்சு உண்டாகின்றது. அது புல்லிலும் மண்ணிலும் படிந்து, பால், முட்டை, இறைச்சி வழியாக எமது உடலுக்குள் வருகின்றது. உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் புற்றுநோய்க்கும் காரணமாகலாம். எனவே தெருவோரத் தொட்டி எரிவதைக் கண்டால் யன்னல்களை மூடிவிட்டு 112 இற்கு அறிவியுங்கள்.

எரியும் குப்பையைக் குறைக்கும் வேலை எமது குசினியிலேயே தொடங்குகின்றது.

• மரக்கறித் தோல், மீன் முள், தேயிலைச் சக்கை, மிஞ்சிய சோறு ஆகியன 'ஓர்கானிக்கோ'. இவற்றை மக்கும் பையில் மட்டுமே கட்டுங்கள். சாதாரண பொலித்தீன் பை ஒன்று கலந்தாலும் உரம் கெடும்.

• பால் போத்தல், தகரப்பேணி போன்றவற்றை அலசிப் போடுங்கள். இலையானும் கரப்பானும் அண்டாது.

• வடை, முறுக்குப் பொரித்த எண்ணெயைக் கழுவு தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆறவிட்டுப் போத்தலில் சேர்த்து, நகரசபையின் சேகரிப்பு நிலையத்தில் கொடுங்கள்.

• காலாவதியான மருந்துகளை மருந்தகங்களில் உள்ள பெட்டியிலும், பழைய பற்றரிகளை அவற்றை விற்கும் கடைகளிலும் போடலாம்.

எந்த நாளில் எதை வெளியே வைப்பது என்ற இத்தாலிய அறிவித்தல் பலருக்கு விளங்குவதில்லை. பாடசாலையில் இதைப் படிக்கும் எமது பிள்ளைகளிடம் கேட்போம். அவர்களே தமிழில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டட்டும். அம்மம்மாவுக்கும் அது உதவும்.