மெய்நிகர்ப் பொறியைப் புதிய கணினிக்கு மாற்றுதல்

மாணவர்களே, ஒரு கணினியினுள்ளே மென்பொருளின் உதவியால் இயங்கும் இன்னொரு கணினி மெய்நிகர்ப் பொறி எனப்படும். உதாரணமாக, வின்டோஸ் கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளை நிறுவி, அதனுள் லினக்ஸ் பணிசெயல் முறைமையை இயக்கலாம்.

மெய்நிகர்ப் பொறியின் வன்தட்டு, உண்மையான வன்தட்டில் உள்ள ஒரு கோப்பு மாத்திரமே. எனவே பொறியை மாற்றுதல் என்பது கோப்புகளைப் பிரதிசெய்தலாகும். எனினும் எல்லாக் கோப்புகளும் சேர்ந்து செல்லவேண்டும். அவை மூன்று வகைப்படும்.

அ) வன்தட்டுக் கோப்பு
ஆ) நினைவக அளவு முதலியவற்றைக் கொண்ட அமைப்புக் கோப்பு
இ) ஸ்னப்ஷொட் எனப்படும் இடைநிலைப் பதிவுகளின் கோப்புகள்

ஸ்னப்ஷொட் எடுத்த பின் செய்யும் மாற்றங்கள் முதல் வன்தட்டுக் கோப்பில் எழுதப்படுவதில்லை. தனிக் கோப்பில் எழுதப்படும். ஆகவே வன்தட்டுக் கோப்பை மட்டும் கொண்டுசென்றால், அதன் பின் செய்த வேலை முழுவதும் புதிய கணினியில் காணப்படாது.

செய்முறைப் படிகள்

1. மெய்நிகர்ப் பொறியை முற்றாக நிறுத்துக. இயங்கு நிலையைச் சேமித்து மூடுவது போதாது. முறைவழியாக்கி வேறுபடின் அந்நிலையிலிருந்து தொடர முடியாது போகலாம்.
2. பொறியின் கோப்புறை முழுவதையும் பிரதிசெய்க. அல்லது ஓ.வி.ஏ. வகைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்க. ஏற்றுமதியில் தற்போதைய நிலை செல்லும், ஸ்னப்ஷொட்கள் செல்லமாட்டா.
3. பளிச்சீட்டு நினைவகத்தைச் சோதிக்க. எப்.ஏ.ரி.32 முறையில் வடிவமைக்கப்பட்டதில் 4 ஜிகாபைற்று அளவுடைய தனிக் கோப்பைச் சேமிக்க முடியாது. என்.ரி.எப்.எஸ். முறையில் முடியும்.
4. புதிய கணினியில் அதே பதிப்பையோ பிந்திய பதிப்பையோ நிறுவி, கோப்புறையைச் சேர்க்க, ஓ.வி.ஏ. எனின் இறக்குமதி செய்க.
5. பொறியை இயக்கி, உமது கோப்புகளைத் திறந்து பார்க்க. அதன் பின்னரே பழைய கணினியிலுள்ளவற்றை அழிக்க.

இயங்காவிடின் கவனிக்கவேண்டியவை

• பயோஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி செயற்படுத்தப்பட்டுள்ளதா?
• பொறிக்கு ஒதுக்கிய நினைவகம் புதிய கணினிக்குப் பொருந்துமா? 4 ஜிகாபைற்று நினைவகமுள்ள கணினியில் அந்த 4 ஐயும் பொறிக்கு ஒதுக்க முடியாது.
• முறைவழியாக்கி ஒரே வகையா? இன்ரெல் வகைக்கு அமைத்த பொறி, 2020 இல் வெளிவந்த அப்பிள் எம்1 போன்ற ஏ.ஆர்.எம். வகைக் கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் மூலம் வழமையாக இயங்காது. இரண்டினதும் கட்டளைத் தொகுதிகள் வேறானவை.

மாதிரி வினா: மாற்றிய பின்னர் பழைய கோப்புகளை உடனே அழிக்கக்கூடாது. ஏன்?

விடை: பிரதிசெய்கையில் ஏதேனும் கோப்பு விடுபட்டிருக்கலாம் அல்லது பழுதடைந்திருக்கலாம். புதிய கணினியில் பொறி சரியாக இயங்குவதை உறுதிசெய்யும் வரை பழைய கோப்புகளே காப்புப் பிரதியாகும்.