கடிதம் வந்த தேதி

சிம்பாங் பூலாயில், கேமரன் மலைக்குப் பிரியும் சாலையோரம் ஓர் ஒட்டுக்கடை. குன்றிலிருந்து கல் ஏற்றி வரும் லோரிகளின் வெள்ளைத் தூசு தேநீர்க் குவளைவரை வரும். அங்கேதான் ஓர் அண்ணன் தம் பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து காட்டினார். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இருபது ஆண்டுக்கு மேலாக அரசாங்கச் சம்பளம். பதவி உயர்வில் தம்மைத் தள்ளிவிட்டுப் பின்னால் வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது அவர் குறை. கோப்பில் ஐந்து கடிதங்கள். ஒவ்வொன்றிலும் 'தெரிமா' (பெறப்பட்டது) சாப்பு, தேதி, யாரோ போட்ட கையெழுத்து.

"பாத்தீங்களா தம்பி, எல்லாருக்கும் எழுதிட்டேன். எங்க தொகுதி ஒய்.பி.யையும் பாத்துட்டேன்."

முதல் சாப்புக்கும் கடைசிச் சாப்புக்கும் இடையே பதினோரு மாதம். குறை நியாயமானதா என்று எந்த நீதிபதியும் கேட்பதற்கு முன்பே, அந்தப் பதினோரு மாதம் வழக்கைத் தின்றிருந்தது.

உரிமை உண்டு, நாள் இல்லை

உரிமைக்கு நம் மலேசியாவில் பஞ்சமில்லை. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, அரசாங்க வேலையில் இனம், சமயம், வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 2001இல் பாலினமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஒரே தரத்தில் வேலை செய்பவர்களை, எந்த இனத்தவராயினும், நடுநிலையோடு நடத்த வேண்டும் என்கிறது 136ஆவது பிரிவு. விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் ஒருவரை வேலைநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக்கூடாது என்கிறது 135.

சிக்கல் நாள் கணக்கில். தனியார் நிறுவன ஊழியர் வேலைநீக்கத்தை எதிர்த்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்கலாம். நமக்கும் அதே 60 நாள்தான் என்று அரசாங்க ஊழியர் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அந்த வாசலை அவர்களுக்கு அடைத்துவிட்டது.

அவர்களுக்குள்ள கணக்கு வேறு. ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்தால் பதில் சொல்ல 21 நாள். ஒழுங்கு நடவடிக்கை வாரியத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 14 நாள். உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுப் போட, முடிவு கையில் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம். 2012ஆம் ஆண்டு விதிகளுக்கு முன்பு அது 40 நாளாகத்தான் இருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நீதிபதி நீட்டிக்கலாம். "மேலதிகாரி பதில் போடுவார் என்று காத்திருந்தேன்" என்பது பெரும்பாலும் தக்க காரணமாக எடுபடாது.

நீதிமன்றம் இதில் எவ்வளவு கறார் என்பதை ரவூப், புக்கிட் கோமான் மக்களைக் கேட்க வேண்டும். தங்கச் சுரங்கத்தில் சயனைட் பயன்படுத்துவதை எதிர்த்து அவர்கள் கூட்டரசு நீதிமன்றம்வரை போனார்கள். சீராய்வுக்கான கால வரம்பு அடிப்படையானது, நீதிமன்றத்தின் அதிகாரத்தையே தொடுவது என்று 2013இல் பதில் வந்தது. அது வேலை வழக்கு இல்லைதான்; ஆனால் அரசாங்க ஊழியரின் மனுவும் அதே விதியின்கீழ்தான் போகிறது.

காத்திருக்காதவர்

2009 ஜனவரியில் உலு லங்காட்டில் நூர்ஃபாடிலா அமாட் சைக்கின் என்பவருக்குத் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னதும் வேலை பறிபோனது. மறு ஆண்டே வழக்குப் போட்டார். 2011 ஜூலை 12ஆம் தேதி ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சலேஹா யூசோப், இது 8ஆவது பிரிவை மீறிய பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தார். நூர்ஃபாடிலா எடுத்தது சீராய்வு வழியன்று, உரிமையை உறுதிப்படுத்தக் கோரும் வழக்கு. அரசாங்கத்தின்மீது தொடுக்கும் அத்தகைய வழக்குகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் 36 மாதம் தருகிறது. எந்தக் குறைக்கு எந்த வழி, எந்த வழிக்கு எத்தனை நாள் என்று பிரித்துச் சொல்ல வழக்கறிஞர் வேண்டும். அதுவும் முதல் வாரத்திலேயே வேண்டும்.

மற்ற நாடுகளிலும் கெடு உண்டு. இந்தியாவில் மத்திய அரசு ஊழியர் நிர்வாகத் தீர்ப்பாயம் போக ஓராண்டு இருக்கிறது. இலங்கையில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரே மாதம். ஆனால் அதற்குள் மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் புகார் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் நீதிமன்றக் கணக்கு நமக்காக நிற்காது. அமெரிக்காவில் ஸ்டுவர்ட் ஹாரோ என்ற பாதுகாப்புத் துறை ஊழியருக்கு வந்த தீர்ப்பு, அவர் பயன்படுத்தாத பழைய மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தது. மேல்முறையீட்டுக்கான 60 நாள் கடந்தது. அந்தக் கெடு விதிவிலக்கே இல்லாத சுவர் அன்று என்று 2024 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதைச் சொல்லவைக்க அவர் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

நம்மவர் காத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத்தில் குறை என்றால் முதலில் தண்டலிடம் சொன்னோம், பிறகு கிராணியிடம், கடைசியில் துரையிடம். மிஞ்சினால் தோட்டத் தொழிலாளர் சங்கம் நமக்காகப் பேசியது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பு வந்துவிட்டது. படி ஏறி முறையிடும் பழக்கம் மட்டும் நம்மோடு அரசாங்க அலுவலகத்துக்குள் வந்துவிட்டது. அங்கே கடிதம் நம் பெயருக்கு வருகிறது. நாள் ஓடுவதும் நம் பெயரில்தான்.

ஆகவே, கடிதம் கைக்கு வந்த அன்றே உறையின்மேல் தேதியை எழுதுங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். மின்னஞ்சலில் வந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். பதவி உயர்வோ ஒழுங்கு நடவடிக்கையோ, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று தொழிற்சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். சட்டம் வகுத்த மேல்முறையீட்டை அந்த நாளுக்குள் கொடுங்கள்; நாமாக எழுதும் கோரிக்கைக் கடிதம் அதற்கு ஈடாகாது. ஒய்.பி.யைப் பார்ப்பதில் தவறில்லை. வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அப்புறம் போய்ப் பாருங்கள்.