வெளியே நிற்கும் வைஸும் ஐப்பசி மழையும்

பண்ருட்டி வட்டாரத்தில் மளிகைக் கடையோ, பலாப்பழ மண்டியோ, மாவு மில்லோ, முந்திரி வியாபாரமோ செய்கிற நம்மில் பலரிடம் ஒரு பெஞ்ச் வைஸ் இருக்கிறது. நாம் பட்டறைக்காரர்கள் அல்ல. ஆனாலும் அது இல்லாமல் நமக்குக் காரியம் ஓடுவதில்லை. தள்ளுவண்டியின் அச்சாணி தேய்ந்தால், ஷட்டர் பூட்டின் நாக்கு வளைந்தால், முந்திரிக் கொட்டை உடைக்கும் கட்டரின் கத்தி மழுங்கினால், பழைய டின் தகட்டை வெட்டி அரிசி அள்ளும் கரண்டி செய்ய வேண்டுமானால், உடனே தேடுவது வைஸைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஆளைக் கூப்பிட்டு, அவர் வரும்வரை வண்டியை நிறுத்தி வைத்தால் அன்றைய வியாபாரம் என்ன ஆகும் என்பதை நம் வணிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த வைஸ் பெரும்பாலும் கடைக்கு வெளியே, கொல்லைப்புறத்திலோ தாழ்வாரத்திலோதான் நிற்கிறது. அது சரியான இடமும்கூட. அரத்தால் ராவும்போது விழுகிற இரும்புத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் பறந்து பரவும். அது திறந்திருக்கும் மாவுச் சாக்கிலோ பருப்பு மூட்டையிலோ விழுந்தால் சலித்தாலும் முழுதாகப் போகாது. வாடிக்கையாளர் வீட்டுச் சோற்றில் பல்லில் கடிபட்ட பிறகு நாம் என்ன சமாதானம் சொல்லியும் பயனில்லை. மாவு மில்லில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்றில் மிதக்கும் மாவுத்தூளில் ஒரு தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஆகவே, இடம் மிச்சம் என்பதற்காக வைஸை உள்ளே கொண்டு வர வேண்டாம். அது வெளியிலேயே இருக்கட்டும். வெளியில் இருக்கும் இரும்பை எப்படிக் காப்பது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

எங்கள் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பண்டகசாலையின் பின்புறம் ஒரு மரக்கட்டையில் 4 அங்குல வைஸ் ஒன்றைப் பொருத்தியிருந்தோம். மழைக்காலம் தொடங்கியதும் பையன் ஒரு காலிச் சாக்கை எடுத்து இறுக்கமாகச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினான். நாங்களும் பார்த்து, நல்ல காரியம் என்றுதான் நினைத்தோம். தை மாதம் அவிழ்த்தபோது சாக்கு இரும்போடு ஒட்டிக் கிடந்தது. திருகு அசையவில்லை. கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி ஒருவர் தொங்க, இன்னொருவர் முன்தாடையைச் சம்மட்டியால் தட்டினார். வார்ப்பிரும்பு வளையாது, வளையாமலே உடையும். தாடை இரண்டாகப் பிளந்து, தட்டியவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் கால் விரல்கள் போயிருக்கும். பிறகுதான் சாக்கைப் பிரித்துப் பார்த்தோம். அது கல்லுப்பு வந்த சாக்கு.

இப்படி நடந்தால் நம் ஊரில் உடனே இரண்டு பேர்மேல் பழி போடுவோம். ஒன்று கடலூர்க் கடல், மற்றொன்று நெய்வேலிப் புகை. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. கடல் நமக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் உப்புக் காற்றின் வேகம் கரையை விட்டு உள்ளே வர வர விரைவாகக் குறைந்துவிடும். கரையோரத்து மீனவர் வீட்டுத் தகரம் அரிக்கும் அளவுக்கு நம் தகரம் அரிப்பதில்லை. பழுப்பு நிலக்கரியில் கந்தகம் உண்டு. நெய்வேலியில் 1962இல் முதல் மின் உற்பத்தி அலகு ஓடத் தொடங்கியது முதல் அதை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். கந்தகப் புகை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி இரும்பைத் தின்னும் என்பதும் உண்மைதான். ஆனால் உப்பானாலும் புகையானாலும் ஈரம் இல்லாமல் வேலை செய்யாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருவேறத் தொடங்கும். உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் தானே நீர்த்துப்போகும். நம் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அப்படியானால் உப்புச் சாக்கைச் சுற்றியது, இரும்பைச் சுற்றி இரவும் பகலும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கட்டி வைத்ததற்குச் சமம். கடலை நாமே கொண்டு வந்து வைஸில் கட்டினோம்.

இங்கே ஒரு செய்தி. இரும்பு எப்படி அரிக்கிறது என்பதை ஆராய்வதற்கென்றே நம் மாநிலத்தில் ஒரு பெரிய நிலையம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் வணிகரான டாக்டர் அழகப்பச் செட்டியார். 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தார்கள். மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைத்து, எது எவ்வளவு அரிக்கிறது என்று கணக்கெடுத்த நிலையம் அது. நாட்டின் எந்தப் பகுதியில் அரிப்பு எவ்வளவு என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள். ஒரு வியாபாரி கொடுத்த பணத்தில் எழுந்த நிலையத்தின் அறிவு மற்ற வியாபாரிகளின் கொல்லைப்புறம் வரை வந்து சேர வேண்டாமா?

சரி, எதைக் கொண்டு மூடுவது? சாக்கு கூடவே கூடாது. உப்புச் சாக்கும் உரச் சாக்கும் மிக மோசம். நல்ல சாக்கானாலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலிதீன் தாளை இறுக்கிக் கட்டுவதும் தவறு. மழை உள்ளே போகாது என்பது சரி, ஆனால் மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் எழும் ஈரம் வெளியே போகாது. காலையில் அவிழ்த்துப் பார்த்தால் தாளின் உட்புறம் வேர்த்திருக்கும். அந்த நீர் இரும்பின் மேல்தான் சொட்டும். மழை இல்லாத மார்கழி, தை மாதங்களிலும் இது நடக்கும். இரவில் திறந்த வெளியில் இரும்பு சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் பனி முதலில் அதன்மேல்தான் இறங்கும். மேலே கூரை வேண்டும், கீழே திறப்பு வேண்டும். குடை பிடிப்பது போல மூட வேண்டுமே தவிர, மூட்டை கட்டுவது போல அல்ல.

இதற்கு நம் கடையிலேயே பொருள் இருக்கிறது. 15 கிலோ எண்ணெய் டின்னைப் படுக்க வைத்து, நீளவாக்கில் ஒரு பக்கத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுக் கவிழ்த்தால் சிறிய வைஸுக்கு அளவான மூடி. வெட்டிய விளிம்பை உட்புறமாக மடக்கித் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் கையைக் கிழிக்கும். வைஸ் டின்னுக்குள் அடங்குமா என்று முதலில் நீளத்தை அளந்து பார்த்துக்கொள்ளவும். பெரிய வைஸானால் நீல நிற பிளாஸ்டிக் பீப்பாயைப் பாதியாக அறுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்று விசாரித்துக் கழுவிய பிறகே. மூடியைக் கம்பியால் கட்டையோடு கட்டிவிட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் நம் பகுதியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தக் காற்றில் கட்டாத தகரம் ஒவ்வொன்றும் பறக்கும் கத்திதான்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். கட்டடத்தின் தெற்குச் சுவரை ஒட்டி வைத்தால் பாதிச் சாரல் மிச்சம். ஆனால் இறவாணத் தண்ணீர் நேராக அதன் தலையில் சொட்டும் இடமாக இருக்கக் கூடாது.

கட்டைக்கு நம் ஊர்ப் பலா மரத்தை மிஞ்ச வேறு தேவையில்லை. கரையான் அதை எளிதில் தொடாது. மண்ணில் புதைக்கும் பகுதிக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் இரண்டு பூச்சு கொடுத்தால் இன்னும் நல்லது. படகுகளுக்குப் பூசுகிற அதே எண்ணெய்தான். அதை வைஸின் மேல் மட்டும் பூச வேண்டாம். முந்திரி உரிக்கும் பெண்களின் கைகளைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? தொட்டால் தோலைப் பொசுக்கும் எண்ணெய் அது. கட்டைக்கும் வைஸின் அடித்தட்டுக்கும் நடுவில் பழைய டயர் டியூபில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். ஈர மரம் நேராக இரும்பைத் தொட்டால் அடியிலிருந்தே துரு ஏறும், மேலே பளபளவென்று இருக்கும்போதே போல்ட்டுகள் இற்றுப்போகும். பின்தாடை கட்டையின் விளிம்பைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். வைஸின் மேல்பகுதி நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது.

இன்னொரு வழியும் உண்டு. நாங்கள் இப்போது செய்வது அதுதான். வைஸைக் கனமான பலகையில் நிரந்தரமாகப் பொருத்தி, அந்தப் பலகையைக் கட்டையின்மேல் சிறகு நட்டுகளால் முடுக்குகிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் ஐந்து நிமிடத்தில் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். சிறிய வைஸை ஒரு ஆளே தூக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில்தான் மளிகைக்காரர்களான நாம் அதிகம் தவறுகிறோம். கையருகே இருக்கிறது என்று கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ ஊற்றிவிடுகிறோம். அவை காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாக இறுகிவிடும். திருகு முன்னைவிடக் கெட்டியாகும். விளக்கெண்ணெய் அப்படி இறுகாது. மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போட்ட நம் முன்னோர் காரணம் தெரிந்துதான் செய்தார்கள். லாரியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதில் அமிலமும் அழுக்கும் இருக்கும். உணவுப் பொருள் விற்கிற இடத்துக்கு அது ஆகாது. மழைக்கு முன் திருகின் மரைகளில் கிரீஸ் கனமாக வைக்கலாம். ஆனால் பங்குனி வந்ததும் துடைத்து எடுத்துவிட்டு, இலேசான மெஷின் ஆயில் மட்டும் விட வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் நம் செம்மண் புழுதி கிரீஸில் ஒட்டினால் அது உப்புத்தாள் போல மரையை ராவிவிடும். பலாப்பழம் அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவுகிறோமே, அவ்வளவு மெல்லிய படலம் போதும். தாடைகளை இறுக்கி மூடி வைக்காமல் ஒரு நாணயத்தின் கனத்துக்கு இடைவெளி விட்டு வையுங்கள். இடுக்கில் நீர் தேங்காது.

இதற்கெல்லாம் நல்ல நாள் ஒன்று நம்மிடமே இருக்கிறது. ஆயுத பூஜை. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால்தான் அது வருகிறது. அன்று எல்லாக் கருவிகளையும் கழுவுகிறோம், சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். கழுவியதைத் துடைத்து வெயிலில் காயவைக்காமல் ஈரத்தோடு பொட்டு வைத்தால், மறுவாரம் பொட்டுக்கு அடியில் வட்டமாகத் துரு இருக்கும். முதல் நாளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெயிண்ட் உரிந்த இடத்தில் ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் எனாமல் பெயிண்டும் கொடுத்து, திருகுக்கும் தாடைக்கும் எண்ணெய் போட்டுவிட்டு, பெயிண்ட் அடித்த பகுதியில் பொட்டு வைத்தால் சாமிக்கும் குறையில்லை, வைஸுக்கும் குறையில்லை.

ஏற்கெனவே இறுகிப்போன வைஸ் இருந்தால் பைப்பும் சம்மட்டியும் வேண்டாம். டீசலும் மெஷின் ஆயிலும் சம அளவில் கலந்து, மரையில் இறங்கும்படி ஊற்றி, இரவு முழுவதும் விட்டுவிடவும். மறுநாள் கைப்பிடியைக் கால் சுற்று முன்னும் பின்னும் ஆட்டி, மறுபடி ஊற்ற வேண்டும். மூன்று நாள் ஆனாலும் பொறுமை வேண்டும். 2015 நவம்பர் வெள்ளத்தைப் போல வண்டலில் மூழ்கிய வைஸானால் திருகை முழுவதும் வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவிக் காயவைத்த பிறகே எண்ணெய். மேல் துருவுக்கு, நாம் விற்கிற எலுமிச்சை உப்பையே வெந்நீரில் கரைத்துத் துணியில் நனைத்துப் போடலாம். சில மணி நேரத்தில் துரு இளகும். பிறகு சலவைச் சோடா கரைத்த நீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, சூடு ஆறும் முன் எண்ணெய் தடவிவிட வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரிலேயே மீண்டும் செந்நிறம் படரும்.

இந்த எலுமிச்சை உப்பு வைத்தியம் வைஸுக்கு மட்டுமே. வெளியில் வைத்துத் துருவேறிய எடைக்கற்களுக்கு இதைச் செய்யவே கூடாது. துரு உதிர்ந்தால் கல்லின் எடை குறையும், பெயிண்ட் பூசினால் கூடும், ஈயத்தில் குத்திய முத்திரை மறைந்தால் கல்லே செல்லாது. 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 2009ஆம் ஆண்டு சட்ட முறை எடையளவுச் சட்டப்படி எடைக்கற்களுக்கு 24 மாதங்களுக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை வேண்டும். துருவேறிய கல்லை உலர்ந்த துணியால் துடைத்து, அப்படியே தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். கொண்டு போகும்போது அதையும் உப்புச் சாக்கில் கட்ட வேண்டாம்.