பயிற்சி விமானம் ஏற மறுப்பதேன்?

பயிற்சி விமானம் மந்தமாக மேலேறினால் பழி முதலில் எஞ்சின்மீதே விழுகிறது. கடல் மட்டத்திற்குச் சுமார் 3,000 அடி மேலுள்ள பெங்களூரு ஜக்கூர் தளத்தில், 35 டிகிரி செல்சியஸ் வெயிலில், காற்றின் அடர்த்தி 6,000 அடி உயரத்துக்குரிய அளவாகக் குறைகிறது. எஞ்சின் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குன்றுகிறது. இதை அறியாமல் பழுதற்ற எஞ்சினைப் பிரிப்பதுண்டு. அதனினும் கொடிது, உண்மையான கோளாற்றை வெயிலின்மேல் சுமத்தி மாணவரைப் பறக்க அனுப்புவது.

இரண்டையும் பிரித்தறியத் தரைச் சோதனை உதவும். விமானத்தை நிறுத்தி, முழு விசையில் சுழற்சி எண்ணிக்கையைக் காண வேண்டும். மெல்லிய காற்றில் எஞ்சின் திறனும் புரொப்பெல்லர் சந்திக்கும் தடையும் ஒருங்கே குறைவதால், கோணம் மாறாத புரொப்பெல்லரில் இவ்வெண் அதிகம் மாறுவதில்லை. கையேட்டின் வரம்புக்குக் கீழிருந்தால் மேக்னெட்டோ, ஸ்பார்க் பிளக், சிலிண்டர் அழுத்தம் ஆகியவற்றை ஆராயலாம். சுழற்சிமானியே பிழைபட்டிருப்பதும் உண்டு. மழைக்கால ஈரக்காற்றில், 20 டிகிரியிலும் கார்புரேட்டரில் பனி உறையும். வெப்பக்காற்றைத் திறந்ததும் சுழற்சி தாழ்ந்து, பின் உயர்ந்தால் குற்றவாளி அதுவே.